நைனாவின் சித்த சுவாதீனம்

முதல் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை அடைக்கலமேரி கோயிலில் தூணோரமாக முழங்காலில் இருந்தாள். பூசை முடியும் நேரத்தில் பங்குச் சாமியார், மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலைகளைப் படித்தார். ஒரு இளஞ்ஜோடியின் பெயர்களுக்குப் பிறகு அது வந்தது.

"காலஞ்சென்ற சிலுவையம்மாளின் கணவர் ஸ்டானிஸ்லாஸும், காலஞ்சென்ற அம்புரோஸின் மனைவி ஞானமும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. யாரோ ஒருத்தி முக்காட்டுக்குள் சிரித்தாள். ஸ்டானிஸ்லாஸ் அடைக்கலமேரியின் அப்பா. அறுபத்தாறு வயது. ஞானம் அவளுடைய சிநேகிதி. அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி.

இது எழுபத்தொன்றாம் வருஷம். அடைக்கலமேரிக்கு அப்போது நாற்பத்திரண்டு. திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது. தம்பி ஹென்றி பள்ளிக்கூடப் பையன். ஹார்பரில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு ஷிப்டு மாறி மாறி வரும். சமைக்க, துவைக்க, தம்பியைக் கிளப்பி அனுப்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது. வந்த சம்பந்தங்களை அவள் வேண்டாம் என்றாள். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. பிறகு ஹென்றி எண்ணூர்ப் பக்கம் ஃபிட்டராகப் போய், கல்யாணம் செய்து, அங்கேயே தங்கிவிட்டான். அப்பா ரிட்டயர் ஆனார். ராயபுரத்துச் சந்தில் இருந்த இரண்டு அறை வீட்டில் அப்பாவும் மகளும் மிஞ்சினார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தெருவில் எந்தப் பெண்ணுக்கும் இல்லாதபடி, ஒரு மனிதர் முழுசாக அவள் பொறுப்பில் இருந்தார்.

ஞானத்தை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவள்தான். பேக்கிங் மேஜையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். ஞானம் சில வருஷம் மூத்தவள். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை, கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒற்றை அறை.

"ஞாயித்துக்கெழம தனியா குந்திகினு இன்னா பண்ணுவ? எங்க வூட்டாண்ட வா. பூசைக்குப் போய்ட்டு ஒண்ணா சாப்டலாம்" என்று ஒருநாள் அழைத்தாள். ஞானம் வந்தாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் அதிகம் பேசுகிறவர் அல்ல. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், ரேடியோ கேட்பார், தூங்குவார். ஞானமோ வாய் ஓயாமல் கேட்கிறவள். கிரேன் உச்சியில் உட்கார்ந்தால் கப்பல் எப்படித் தெரியும், மழையில் என்ன செய்வீர்கள், பயமாக இருக்காதா என்றெல்லாம் கேட்டாள். அவர் முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு கையை ஆட்டிச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சிரிக்கிற சத்தம் கேட்டு, குழம்பு கிண்டிக்கொண்டிருந்த அடைக்கலமேரி கரண்டியோடு வெளியே எட்டிப் பார்த்தாள். அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தன் சிநேகிதி, தன் வீடு, தன் அப்பா.

பிறகு அவர் சனிக்கிழமை சாயங்காலமே முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். அதுவும் போகட்டும் என்றிருந்தாள். ஒருநாள் பேக்கிங் மேஜையில் ஞானம் பெருமூச்சு விட்டாள்.

"உங்க நைனா பாவம்டி. அந்த சிவந்தி கப்பலுக்கும் சொவத்துக்கும் நடுவுல மாட்டினத நெனச்சிகினு இன்னமும் தூக்கத்துல எழுந்து குந்திக்கிறாராம்."

"எந்த சிவந்தி?"

"அவுரு தோஸ்து. அவுரு கண்ணு முன்னாடியே போய்ட்டானாமே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் அவர் எழுந்து உட்கார்ந்ததை இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அறியவில்லை. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று முழுக்க அடைக்கலமேரி ஞானத்தின் பக்கம் திரும்பாமல் பெட்டிகளை அடுக்கினாள். நெஞ்சில் மிளகாயை அரைத்துப் பூசியது போல இருந்தது. அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை, வர வேண்டாம் என்று ஞானத்திடம் சொன்னாள். அன்று மத்தியானம் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, "சும்மா அப்டி போய்ட்டு வரேன்" என்று கிளம்பினார். திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறியதைத் தெருமுனையிலிருந்து அவள் பார்த்தாள்.

ஒரு மாசம் கழித்து அவரே சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நின்றபடியே சொன்னார்.

"மேரி, நான் ஞானத்த கட்டிக்கலாம்னு கீறேன்."

"இந்த வயசுலயா நைனா?"

"இந்த வயசு தான் இப்ப என் கைல கீது."

"அப்ப நான்? நான் யாருக்காக ஒருத்தனையும் கட்டிக்காம இங்க குந்தினுகீறேன்?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "நீ ஏன் வேணாங்கறேன்னு நான் கேக்கல மேரி. கேட்டிருக்கணும். அப்ப எனக்கு சௌகரியமா இருந்துச்சு, கம்முனு இருந்துட்டேன். அத்த மாத்த முடியாது. அதுக்காக இப்ப நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

அவள் பின்கட்டுக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். ஞானம் அப்பாவை எடுத்துக்கொண்டாளா, அப்பா ஞானத்தை எடுத்துக்கொண்டாரா, எதற்காகத் தனக்கு இப்படி எரிகிறது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு பேருமே அவளுடையவர்கள். அவளை நடுவிலிருந்து எடுத்துவிட்டு ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

ஆகவே முதல் ஓலை வாசித்த அன்று, கூட்டம் கலைந்த பிறகு அவள் பங்குச் சாமியாரைத் தேடிப் போனாள்.

"தடை கீது சாமி. எங்க நைனாவுக்குப் புத்தி சரியில்ல."

சாமியார் அவளை உற்றுப் பார்த்தார். "போன வாரம் என்னோட நல்லாத்தானே பேசினார்?"

"வூட்ல கூட இருக்கறவளுக்குத்தான் தெரியும் சாமி."

"புத்தி சுவாதீனம் இல்லாதவருக்கு நான் கல்யாணம் நடத்தி வைக்க முடியாது, அது வாஸ்தவம். ஆனா அதை நீ சொன்னா போதாதும்மா. கோர்ட்டு சொல்லணும். நீ கோர்ட்டுக்குப் போறதா இருந்தா, முடிவு வர்ற வரைக்கும் மத்த ஓலைகளை நிறுத்தி வைக்கிறேன்."

ஹென்றிக்குச் செய்தி சொல்லி அனுப்பினாள். அவன் அன்று மாலையே வந்தான். தம்புச்செட்டித் தெருவில் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் அவளைக் கூட்டிப் போனான்.

வக்கீல் விஷயத்தை விளக்கினார். ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று ஐகோர்ட்டு தீர்மானித்தால், அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கும். சொத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். அதன்பிறகு அப்பாவால் கல்யாணமும் செய்ய முடியாது, வீட்டை யாருக்கும் எழுதிக்கொடுக்கவும் முடியாது. ஹென்றி காதில் கடைசியில் சொன்னது விழுந்தது. அடைக்கலமேரி காதில் கல்யாணம் செய்ய முடியாது என்பது மட்டும் விழுந்தது.

"சரி, என்னென்ன செய்யறார், சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"தானா சிரிக்கிறாரு. தெனம் ஷேவ் பண்றாரு. தலைக்கு வாசன எண்ண தடவுறாரு."

"இதெல்லாம் போதாதேம்மா."

"மீதிய நான் சொல்றேன் சார். நீ வெளிய காத்தாட நில்லுக்கா" என்றான் ஹென்றி. அவள் வராந்தாவில் போய் நின்றாள். உள்ளே அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க அவளுக்கு விருப்பம் இல்லை. பிறகு கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் டைப் அடித்த மனுவில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கோர்ட்டு நோட்டீஸ் வந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. ஹார்பர் யூனியன் ஆபீசுக்குப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். அவள் தட்டை வைத்தாள். அவர் உட்கார்ந்து, சோற்றில் கை வைக்காமல் இருந்தார்.

"என்னிய பைத்தியம்னு எழுதிக் குடுத்துகீறியாமே."

அவள் குழம்பை ஊற்றினாள். தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

"என் வேலயில நான் தூக்கினது எல்லாம் மன்சன் தலைக்கு மேல போற பளு மேரி. ஒரு நாள் ஒருத்தன் மேல வுட்டது கெடயாது. அந்த மண்டைய சரியில்லன்னு சொல்லணும்னு உனக்கு எப்டி தோணுச்சு?"

பிறகு அவர் சாப்பிட்டார். வழக்கு நடந்த மாசங்களில் இருவரும் அந்த ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவள் சமைத்ததை அவர் சாப்பிட்டார், அவர் துணியை அவள் துவைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. தன்னை எதிர்த்து வழக்குப் போட்டவளிடம் அவர் காபி வாங்கிக் குடிப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டுத் தாயம்மா மூக்கில் விரல் வைத்தாள். அடைக்கலமேரிக்கு அதில் ஒரு ரகசிய நிம்மதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அவர் வீட்டோடு இருந்தார்.

ஸ்டானிஸ்லாஸ் காலமெல்லாம் வேலை செய்த ஹார்பருக்கு எதிரில்தான் ஐகோர்ட்டு. அதன் சிவப்புக் கட்டடத்தைத் தினமும் கிரேன் மேலிருந்து பார்த்திருக்கிறார். உள்ளே வந்தது அன்றுதான் முதல் தடவை. யூனியன் ஏற்பாடு செய்த வக்கீல் பக்கத்தில் நின்றார். ஞானம் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கோர்ட்டு சொன்னபடி அரசாங்க டாக்டர் ஒருவர் அவரை ஏற்கெனவே பரிசோதித்து, குறை எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். டாக்டர் பார்த்தது கொஞ்ச நேரம், கூடவே இருக்கும் மகளை விசாரிக்க வேண்டும் என்று ஹென்றியின் வக்கீல் வாதாடினார். நீதிபதி முதலில் கிழவரைக் கூப்பிட்டார். பெயர், ஊர், செய்த வேலை எல்லாம் கேட்டார். பிறகு கேட்டார்:

"இந்த வயசில் எதற்காகக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறீர்கள்?"

"பேச்சுத் தொணைக்கு ஐயா."

"வீட்டில் உங்கள் மகள் இருக்கிறாரே?"

"நல்லா பாத்துக்குதுங்க. பேசிக்கிறதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் தெரியலைங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அடைக்கலமேரிக்கோ எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் கூண்டில் ஏறினாள். இன்றைக்கு என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நீதிபதி மனுவைப் புரட்டி, அவளுக்குப் புரியும்படி தமிழில் சொன்னார். "உங்கள் தகப்பனார் உடுத்திய துணியிலேயே சிறுநீர் கழிக்கிறார், அழுக்கோடு தெருவில் திரிகிறார், பெற்ற மகளையே யார் என்று கேட்கிறார். இப்படி எழுதியிருக்கிறது. சரிதானா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நேற்று அவள் நீலம் போட்டு அலசிக் காயவைத்தது. அத்தனை பேர் இருந்த அறையில், தன்னை அறியாமல் அவர் கை வேட்டியின் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஞானம் அவரைப் பார்ப்பதையும் அடைக்கலமேரி கவனித்தாள். இவள் இதையெல்லாம் நம்பிவிட்டால்?

"யாரு சொன்னது?" என்றாள்.

"நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

"பொய்யிங்க ஐயா!" குரல் அவளே எதிர்பாராத அளவுக்கு உயர்ந்துவிட்டது. "எங்க நைனா துணியில ஒரு கற கெடயாது. தொவைக்கிறவ நானு. இத்தினி வருசமா நான் தொவைக்கிறேன், வேற எவளுக்கு அது தெரியும்? அவுரு சுத்தமான மன்சன். அவுர இப்டி அசிங்கமா எழுதினது யாரு?"

ஹென்றி எழுந்திருக்கப் பார்த்தான். வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உங்களை அடையாளம் தெரிகிறதா அவருக்கு?"

"தெரியுமே. தெருவுல என் செருப்பு சத்தம் கேட்டாலே கதவத் தொறந்து வப்பாரு."

"அப்படியானால் எதற்கம்மா இந்த மனு?"

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லலாம் என்றால் எதுவும் வரவில்லை.

"அவ வந்தப்பறம் அவுரு சிரிக்கிறாரு ஐயா. என்னோட இருந்த வரைக்கும் சிரிச்சதே இல்ல."

 யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். அறுபத்தாறு வயதில் ஒருவர் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவது சித்தக் கோளாறு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றார். யாரை மணப்பது, எங்கே இருப்பது, தன் வீட்டை என்ன செய்வது எல்லாம் அவர் முடிவு. வயதாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளைகள் அதைப் பிடுங்கிக்கொள்ள முடியாது. பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கோர்ட்டில் பொய் எழுதிக் கொடுப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம் என்று ஹென்றியைப் பார்த்துச் சொல்லி எச்சரித்தார்.

வெளியே மரத்தடியில் அப்பா அவளுக்காக நின்றிருந்தார். ஞானம் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"நான் அவ ரூமுக்கே போயிடறேன் மேரி. உன்னியும் அவளையும் ஒரு அடுப்புல வச்சா மூணு பேருக்கும் பேஜாரு. நீ நம்ம வூட்லயே இரு."

"யாருக்கு வேணும் உன் வூடு?" என்றாள் அவள். ஆனால் போக வேறு இடம் இல்லை.

மூன்றாவது ஓலையும் வாசித்து, ஒரு காலைப் பூசையில் கல்யாணம் எளிமையாக நடந்தது. போவதில்லை என்றிருந்தவள் கடைசி நிமிஷத்தில் போய்ப் பின்னால் நின்றாள். ஞானத்தின் சந்தனக் கலர் புடவைக்கு அந்தப் பச்சை ஜாக்கெட் பொருந்தவே இல்லை. தன்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்தாள். உடனே, நன்றாக வேண்டும் என்றும் நினைத்தாள். மறுநாள் சூபர்வைசரிடம் சொல்லி மேஜையில் வேறு இடம் மாற்றிக்கொண்டாள்.

வீடு வெறிச்சென்று ஆயிற்று. கையில் வேலை இல்லாத சாயங்காலங்கள் வந்தன. இந்நேரம் அங்கே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும். என்ன பேசுவார்கள் என்று யோசிப்பாள். அப்பா குரலையும் ஞானத்தின் குரலையும் தானே மனசுக்குள் மாற்றி மாற்றிப் பேசிப் பார்ப்பாள். அவளுக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

மழைக்காலம் முடிந்தபோது ஹென்றி ஒரு புரோக்கரோடு வந்தான். புரோக்கர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரை ஓட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடா இது?" என்றாள் அடைக்கலமேரி.

"நைனா தான் போய்ட்டாரேக்கா. நீ ஒரு ஆளு, உனக்கு இம்மாம் பெரிய வூடு எதுக்கு? வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். நீ கேட்டா நைனா கையெழுத்துப் போட்டுடுவாரு." குரலைத் தாழ்த்தினான். "லேட் பண்ணின, ஞானம் முந்திக்கும். நாளைக்கி இந்த வூட்ல அது வந்து காலை நீட்டிகினு குந்தும். உனக்குப் பரவால்லையா?"

அவன் குறி வைத்த இடம் சரியான இடம்.  அம்மா புழங்கிய அடுப்படியில் ஞானம் நிற்பதைக் கண்ணால் பார்த்தது போல இருந்தது. ஆனால் கோர்ட்டில் வேட்டியை மறைத்த அந்தக் கையும் கூடவே வந்தது. இவன் வாயிலிருந்துதான் அந்த அசிங்கம் வந்தது.

"எழுதிக் குடுத்தா குடுக்கட்டும்" என்றாள். "அவுரு சம்பாரிச்ச வூடு, அவுரு உசுரோட கீறாரு. ஜட்ஜய்யா சொன்னது உன் காதுல வுழலையா? கூட்டியாந்த ஆளையும் இட்டுகினு கெளம்பு."

"உனக்காவத்தான்க்கா..."

"எனக்காவ நீ ஒரு தபா செஞ்சதே போதும். போடா."

அவன் இதோடு விடமாட்டான், நேராக அப்பாவிடமே போவான் என்று அவளுக்குத் தோன்றியது. முதலில் போய்ச் சொல்லிவிட வேண்டும். புடவை மாற்றிக்கொண்டு திருவொற்றியூர் பஸ் ஏறினாள். அந்த லைன் வீட்டுக்கு அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் போவது அதுதான் முதல் தடவை.

வாசலில் பலகை போட்டு அப்பா உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். ராயபுரத்து வீட்டில் அவர் ஒரு வெங்காயம் உரித்துப் பார்த்ததில்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மேரியா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"குந்து நைனா." ஹென்றி வந்ததைச் சொன்னாள். "எது நீட்டினாலும் கையெழுத்துப் போடாத. நான் கேட்டேன்னு சொன்னாலும் போடாத. நானே வந்து கேட்டாலும் யோசிச்சிப் போடு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினார். உள்ளேயிருந்து ஞானம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"சாப்டு போ மேரி" என்றாள்.

அடைக்கலமேரி அவள் பக்கம் திரும்பாமல் அப்பாவிடம் கேட்டாள்: "எங்கிட்ட இருந்தப்ப ஒரு நாளாவது இத்த செஞ்சிகீறியா நீ?"

"நீ என்னிய அடுப்பாண்ட வுட்டதே இல்லியே" என்றார்.

அவள் அவர் உரித்துப் போட்டதைப் பார்த்தாள். பாதி இறால் தோல் ஒட்டிக்கொண்டு கிடந்தது; எதிலும் குடல் எடுக்கவில்லை. இதைத்தான் இவள் கழுவிச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாளா? செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவர் உரித்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள்.

"இப்டி கீறணும் நைனா, முதுகுல. பாரு."

அவர் குனிந்து பார்த்தார். ஞானம் சத்தமில்லாமல் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.